ஒன்பதாம் அறையில் யாரும் பார்க்காத படம்

அன்புள்ள நொர்மா அக்காவுக்கு,

பொலோன்யாவிலிருந்து தம்பி எத்தோரே எழுதுவது. நானும் என் கழுத்துவலியும் நலம். அங்கே உன் முழங்கால் வீக்கமும் அத்தானின் கோபமும் இறங்கியிருக்கும் என நம்புகிறேன்.

போன ஞாயிறு சாப்பாட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். எங்கள் கலைக்கூடத்துக்குக் கண்ணைக் கவனிக்கிற மூக்குக்கண்ணாடி ஒன்று வந்திருக்கிறது, எல்லாம் அதனால்தான். வருகிறவர்கள் அதை மாட்டிக்கொண்டு படத்தில் எந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கிறார்களோ, அந்த இடத்தின் கதை காதில் கேட்கும். நல்ல விஷயம்தான், கழிப்பறைக்கு வழி கேட்டவர்களெல்லாம் இப்போது புனிதர் கையில் எதற்கு மீன் என்று கேட்கிறார்கள். ஆனால் யார் எதைப் பார்த்தார்கள் என்று அது குறித்தும் வைத்துக்கொள்கிறது. யாரும் பார்க்காத படம் கிடங்குக்குப் போகும் என்று இயக்குநர் அம்மா சொல்லிவிட்டார். பத்தொன்பது வருஷமாக நான் காவல் இருக்கும் ஒன்பதாம் அறையில் இருப்பதே ஒரு படம்தான், கறுத்துப்போன அந்தப் பட்டாணி உரிக்கும் பெண். அவளும் போய்விட்டால் நான் எதற்கு அங்கே?

கண்ணாடியோடு வந்த எஞ்சினியர் பெண் மார்த்தினா திரையைக் காட்டினாள். அதிகம் பார்த்த இடம் சிவப்பாகத் தெரியுமாம். படத்தின்மேல் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. என் நாற்காலிமேல் தக்காளிக் குழம்பைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

"எத்தோரே, ஜனங்க உங்களைப் பார்க்கவா டிக்கெட் வாங்குறாங்க?" என்றார் இயக்குநர் அம்மா.

"நான் என்னம்மா பண்றது? மீசைய எடுத்துடட்டுமா?" என்றேன். எடுத்தும்விட்டேன் அக்கா. மறுநாள் இன்னும் அதிகமாகப் பார்த்தார்கள். அந்த மூஞ்சியோடு உன் முன்னால் எப்படி வருவேன், சொல்லு.

அழுகையே வந்துவிட்டது. போகப்போகிற படம்தானே, நாமாவது பார்ப்போம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். காவலாளி அப்படி உட்காரவே கூடாது, வேலை போய்விடும். கொஞ்ச நேரத்தில் பின்னால் மூச்சுச் சத்தம். திரும்பினால் பதினாலு பேர்! "அப்படி என்னங்க தெரியுது அங்க?" என்று ஓர் அம்மாள் காதோடு கேட்கிறாள். "பட்டாணி ஒண்ணு கீழ விழுந்திருக்கு, பாருங்க" என்றேன். அத்தனை தலையும் குனிந்தது. அந்த வாரம் படம் முழுக்கச் சிவப்பு. படம் இனி எங்கும் போகாது, நாற்காலியும் அப்படியே இருக்கட்டும் என்று உத்தரவு. திருடன் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அவனும் நின்னு பார்க்கட்டும்" என்றார்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உன் முழங்காலைக் காப்பாளாக.

உன் தம்பி,
எத்தோரே

பின்குறிப்பு: தம்பிக்குக் கலைமேல் எவ்வளவு பற்று என்று அத்தானிடம் படித்துக் காட்டிவிடாதே. நேற்று மார்த்தினா அந்த மூக்குக்கண்ணாடியை எனக்கும் மாட்டிவிட்டாள். திரையில் படத்துப் பெண்மேலும் சிவப்பில்லை, பட்டாணிமேலும் இல்லை. வலது மூலையில் மட்டும் ஒரே சிவப்பு. படத்தை மூடியிருக்கும் கண்ணாடியில், எதிரே பத்தாம் அறையில் காவல் இருக்கும் லோரெதானாவின் உருவம் அந்த மூலையில்தான் தெரியும். என் கழுத்துவலிக்குக் காரணம் உனக்கு இப்போது புரிந்திருக்கும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற மார்த்தினா லோரெதானாவிடம் மட்டும் சொல்லிவிட்டாள். வரும் ஞாயிறு நானும் லோரெதானாவும் வருகிறோம், தோர்த்தெல்லினி ஒரு தட்டு கூடுதலாகச் செய். மீசையைத் திரும்ப வளர்க்கச் சொல்கிறாள்.