ஏழரைச் சனிக்கு ஒரு டிப்ளமோ

அருப்புக்கோட்டை நூல் கடை தனுஷ்கோடி லேசில் யாரையும் நம்ப மாட்டார். நூல் அனுப்புகிற மில்காரரை நம்ப மாட்டார். வாங்கிப் போகிற தறிக்காரரை நம்ப மாட்டார். தராசு முள் நேராக நின்றால் தராசையே சந்தேகப்படுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நம்பியது ஒரே ஒருத்தியைத்தான். அவர் சம்சாரம் கனகலட்சுமி. அங்கேதான் விழுந்தது அடி.

தொண்ணூற்றெட்டாம் வருஷம். பாளையம்பட்டி சந்தனம்மாள் தறிக்கு நூல் எடுக்கக் கடைக்கு வந்தவள், சும்மா போகாமல் ஒரு கேள்வியைப் போட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, மதினி நல்லாப் படிக்கிறாகளா?"

"என்னத்தப் படிக்கிறா?"

"காலேஜுதான். சனிக்கிழமை சனிக்கிழமை மதுரை பஸ்ஸுல பாக்குறேனே. தோள்ல புஸ்தகப் பை, கையில தண்ணிப் பாட்டிலு. எங்க போறீக மதினின்னு கேட்டா, யுனிவர்சிட்டியில கிளாஸு இருக்குன்னாக."

தனுஷ்கோடி கையிலிருந்த நூல் கட்டு நழுவிக் கால் பெருவிரலில் விழுந்தது. வலி தெரியவில்லை. தெரிகிற நிலையில் அவர் இல்லை.

ஏனென்றால் கனகலட்சுமி சனிக்கிழமைகளில் போவது திருச்சுழிக் கோயிலுக்கு. அவருக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம். புருஷனுக்காகப் பெண்டாட்டி சனிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டால் கடுமை குறையுமாம். அவள்தான் சொன்னாள். அன்றைக்கு அவர் ஒரு பொழுது இருக்க வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். அதனால் சனிக்கிழமை வீட்டில் அடுப்பு எரியாது. அவரும் காலையில் தண்ணீரைக் குடித்துவிட்டு, சாயங்காலம் அவள் கொண்டுவரும் திருநீற்றைப் பூசிக்கொண்டு, 'இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்டாட்டியா' என்று கண் கலங்கியிருக்கிறார். பல சனிக்கிழமை கலங்கியிருக்கிறார்.

கடையைச் சாத்தாமலேயே வீட்டுக்கு ஓடினார்.

"ஏ கனகு! திருச்சுழிக்கு மதுரை வழியாவா பஸ்ஸு போகுது?"

கனகலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சந்தனம்மா வந்துட்டுப் போனாளாக்கும்."

"பேச்ச மாத்தாத! என்ன படிக்கிற?"

"ஈவென்ட் மேனேஜ்மென்ட்."

"ஈ வந்தா?"

"ஈவென்ட்டுங்க."

"கடையில உக்காந்து பாதி நாளு ஈ ஓட்டுறவன் நானு. ஈ வந்தா எப்பிடி மேனேஜ் பண்ணுறதுன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு யுனிவர்சிட்டியில ஒரு படிப்பா?"

"ஈ இல்லைங்க. விசேஷம், விழா, மாநாடு இதெல்லாம் திட்டம் போட்டு நடத்துற படிப்பு. புதுசா வந்துருக்கு. டிப்ளமோ. நான்தான் கல்யாணத்துக்கு முன்னாலயே பி.ஏ. முடிச்சிருக்கனே, சேத்துக்கிட்டாக."

தனுஷ்கோடிக்கு வாய் திறந்தது. மூட மறந்துவிட்டார்.

"விசேஷம் நடத்தப் படிப்பா! எங்க அய்யா அஞ்சு பொம்பளப்பிள்ளையக் கட்டிக் குடுத்தாரே, எந்த யுனிவர்சிட்டியில படிச்சாரு?"

"அதான் அஞ்சு கல்யாணத்துலயும் பந்தியில அடிதடி."

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. மூன்றாவது தங்கை கல்யாணத்தில் ரசவாளி பறந்து அவர் நெற்றியில்தான் விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

கனகலட்சுமி கத்தியைக் கீழே வைத்தாள். "நம்ம பய கோயம்புத்தூரு ஹாஸ்டலுக்குப் போனதுலருந்து இந்த வீட்டுல நானும் சுவர்க் கடிகாரமுந்தான் பேசிக்கிட்டுக் கெடக்கோம். தெருவுல யாரு வீட்டு விசேஷம்னாலும் சாமான் அறைச் சாவி என் இடுப்புலதான் இருக்கு. நடத்துறது நானு. மேடையில மாலை வாங்குறது வேற யாரோ. அதையே மொறையாப் படிச்சு, ஒரு போர்டு மாட்டி, தொழிலாப் பண்ணுனா என்னன்னு தோணுச்சு. உங்ககிட்டக் கேட்டா விடமாட்டீக. சனி பகவான்கிட்டக் கேட்டேன். அவரு விட்டுட்டாரு."

அதில் அவள் குரல் லேசாக நடுங்கியது. தனுஷ்கோடி அதைக் கவனித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் கவனித்தது சாப்பாடு இல்லாமல் போன சனிக்கிழமைகளை.

மறுநாள் பக்கத்துக் கடை சாலமோனிடம் போய் அழுதார். சாலமோன் பித்தான், ஊசி, லைனிங் துணி விற்பவர். யோசனையை மட்டும் இலவசமாகக் கொடுப்பார்.

"அண்ணாச்சி, படிக்காதேன்னு சொல்லாதீக. சொன்னா இன்னும் ரெண்டு டிகிரி படிப்பாக. படின்னு சொல்லுங்க. ஆனா ஒரு விசேஷத்தத் தூக்கி அவுக தலையில வைங்க. சின்னக் கொறை வந்தாலும் படிப்ப விடணும்னு பேசிக்கங்க."

"கொறை வராட்டி?"

"வர வைங்க. அதுக்குத்தான நீங்க இருக்கீக?"

தனுஷ்கோடி சாலமோனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே அறிவித்தார். "கடை தொடங்கி இருவத்தஞ்சு வருஷம் ஆகுது. கடைக்குப் பின்னால உள்ள காலி எடத்துல ஒரு விழா. நீயே நடத்து. ஒரு குத்தம் கொறை இல்லாம நடந்தா, நீ டாக்டர் பட்டம் வரைக்கும் படி. ஒரு குத்தம் வந்துச்சு, புஸ்தகத்தப் பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டுறணும்."

அவள் யோசிப்பாள், கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் இலையில் இன்னொரு அப்பளம் வைத்தாள்.

"சரிங்க. என்னைக்கு வச்சுக்கிடலாம்?"

இவ்வளவு சீக்கிரம் ஒருத்தி சரி என்றால் சந்தேகப்பட வேண்டாமா? தராசைச் சந்தேகப்பட்ட மனிதர் இங்கே கோட்டை விட்டார்.

வேலையைத் தொடங்கினார். முதலில் சமையல் தவசியைப் பிடித்தார். "ஏலே தவசி, விழா ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருப்பாக. மாத்தியாச்சு. நீ திங்கக்கிழமை வா." அடுத்து ஸ்பீக்கர் செட் பூமிநாதன். "இருக்குறதுலயே ஓட்டை மைக்கா ஒண்ணு அனுப்பு. பேசுனா கொர்ருன்னு மட்டும் கேக்கணும்." கடைசியாகத் திருச்சுழிப் பக்கத்துச் சொந்தம் முழுவதையும், கனகலட்சுமிக்குத் தெரியாமல், லாரி வைத்து வரச் சொன்னார். அதில் ரசவாளி எறிந்த மச்சானும் உண்டு, எறிய வைத்த மச்சானும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. தனுஷ்கோடி வெள்ளை வேட்டி கட்டி, இழவுக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் சிரித்தபடி பந்தலுக்குப் போனார்.

சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது.

தவசி கரண்டியோடு நின்றான்.

"ஏலே! ஒன்னயத் திங்கக்கிழமையில்ல வரச் சொன்னேன்?"

"ஆமா அண்ணாச்சி. ஆனா மதினி போன வாரமே சொல்லிட்டாகளே. அண்ணாச்சி வந்து என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டு, நான் சொன்ன நாளைக்கு வந்துருன்னு."

தனுஷ்கோடிக்கு வேட்டி முடிச்சு நெகிழ்ந்தது. பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் ஓடினார். பூமிநாதனின் ஓட்டை மைக் ஒரு மூலையில் படுத்திருந்தது. மேடையில் பளபளவென்று வேறொரு மைக் நின்றது. குழாய் ஸ்பீக்கர் நாலு திசைக்கும் கட்டியிருந்தது.

அடுத்து லாரி வந்தது. திருச்சுழிச் சொந்தம் குபுகுபுவென்று இறங்கியது. 'இதோ, தொலைந்தாள்' என்று கண்ணை மூடினார். திறந்து பார்த்தால், கனகலட்சுமி வாசலில் நின்று எல்லார் கையிலும் கலர் கலராக ஒரு அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பச்சை அட்டை முதல் பந்தி. மஞ்சள் அட்டை அடுத்தது. அதுவரை மோரும் பாட்டும். அந்த ரெண்டு மச்சான்களையும் பந்தலின் ரெண்டு கோடியில் உட்கார வைத்து, நடுவே தண்ணீர் டிரம்மை நிறுத்தியிருந்தாள். ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. இருவரும் சமத்தாக மோர் குடித்தார்கள்.

தனுஷ்கோடி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். அந்தக் காலாவது ஆடுமா என்று அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தார். பேன்ட் போட்ட வழுக்கைத் தலை. சட்டைப் பையில் ரெண்டு பேனா. பந்தல் வாசலை டேப் வைத்து அளந்தார். சாம்பார் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். ஜெனரேட்டரைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று எழுதினார்.

சாலமோன் காதருகே வந்து கிசுகிசுத்தார். "அண்ணாச்சி, இது சேல்ஸ் டாக்ஸ் மாதிரியில்ல தெரியுது? விழாவுக்கே இம்புட்டுன்னா யாவாரம் எம்புட்டுன்னு பாக்க வந்துருக்காக."

தனுஷ்கோடி வாசலுக்கு ஓடினார். கனகலட்சுமியை ஓரமாக இழுத்தார்.

"யாரு அந்த ஆளு?"

"மதுரையிலருந்து வந்துருக்காரு. எல்லாத்தையும் பாத்து எழுதி மேலிடத்துக்கு அனுப்புவாராம். நீங்க பக்கத்துலயே போகாதீக. ஏதாச்சும் கேட்டா உள்ளத உள்ளபடி சொல்லிருங்க."

"ஐயோ! நீ எதுக்கு அவரை உள்ள விட்ட?"

"வந்தவுகள வாங்கன்னு சொல்லணும்ல?"

அதற்குள் வழுக்கைத் தலை நேராக அவரிடமே வந்துவிட்டது.

"நீங்கதான் கடை ஓனரா? இந்த ஏற்பாடெல்லாம் பிரமாதம். இதுல உங்க பங்கு என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

"பங்கா? எனக்கா? ஒரு பங்கும் கெடையாது சார்! ஒரு கம்பு, ஒரு கயிறு, ஒரு கருவேப்பில, எதுலயும் எனக்குச் சம்பந்தம் இல்ல!"

"அப்போ முழுக்க உங்க மனைவியோட ஏற்பாடா?"

"முழுக்க முழுக்க அவதான் சார்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க," என்று அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வீட்டுக்காரர் பின்னால இருந்து செஞ்சு குடுத்துட்டு மனைவி பேரைச் சொல்றது நிறைய நடக்குது. நான் எப்படி நம்புறது?"

தனுஷ்கோடி சுற்றுமுற்றும் பார்த்தார். கடை போய்விடும். தறிக்காரர்கள் முன்னால் மானம் போய்விடும். இருவத்தஞ்சு வருஷத்துக் கடை ஒரு பந்தலோடு முடியப் போகிறது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மேடைக்குப் பாய்ந்து மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த விழாவுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது! எல்லாம் என் சம்சாரம் ஒத்தையில செஞ்சது! நம்பலைன்னா தவசியக் கேளுங்க! அவனை வராதன்னு சொன்னவன் நானு! ஓட்டை மைக் அனுப்பச் சொன்னவன் நானு! திருச்சுழி லாரியத் திருட்டுத்தனமா வரவச்சதும் நானுதான்! இந்த விழாவக் கெடுக்க நான் படாத பாடு பட்டுருக்கேன்! உதவி செஞ்சேன்னு மட்டும் யாரும் எம்மேல பழி போட்றாதீக!"

புது மைக் ரொம்ப நன்றாக வேலை செய்தது. பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் வரை கேட்டது.

 பந்தல் முழுக்க ஒரே சிரிப்பு. தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்க மச்சானும் இந்தப் பக்க மச்சானும் சேர்ந்து சிரித்தார்கள்.

வழுக்கைத் தலை மேடை அருகே வந்து கை தட்டினார். "ரொம்ப நன்றிங்க. விழா சுலபமா நடந்திருந்தா சாதாரண மார்க்குதான் போட்டிருப்பேன். எதிர்பாராத இடைஞ்சலைச் சமாளிக்கிறதுக்குத் தனி மார்க்கு இருக்கு. நீங்க இவ்வளவு இடைஞ்சல் செஞ்சிருக்கீங்க, முழு மார்க்கும் போட்டாச்சு."

"மார்க்கா?" மைக் இன்னும் கையில் இருந்தது. "சேல்ஸ் டாக்ஸுல எதுக்கு சார் மார்க்கு?"

"சேல்ஸ் டாக்ஸா? நான் யுனிவர்சிட்டிங்க. உங்க மனைவியோட செய்முறைத் தேர்வுக்கு வந்த பரிசோதகர். ஒரு நிஜ விழாவைத் தனியா நடத்திக் காட்டணும். சொந்தத்துல யாரும் விழா தர மாட்டேங்கிறாங்கன்னு தவிச்சுக்கிட்டிருந்தாங்க. நல்ல வேளை, நீங்களே முன்வந்து குடுத்தீங்களாம்."

தனுஷ்கோடி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். சாலமோனைத் தேடினார். சாலமோன் பச்சை அட்டையோடு முதல் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

ஊரே எழுந்து கனகலட்சுமிக்கு மாலை போட்டது. அவள் மாலையோடு நின்றபோது முகம் ஒரு மாதிரி மலர்ந்து கிடந்தது. இத்தனை வருஷக் குடித்தனத்தில் தனுஷ்கோடி அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை. கோபப்பட நினைத்தார். வரவில்லை.

சாயங்காலம் பந்தல் பிரித்த பிறகு மெதுவாக அவளருகே வந்து உட்கார்ந்தார்.

"ஆகக்கூடி, என்னய வச்சே பாஸாயிட்ட."

"நீங்க இல்லாம முடியுமா?"

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இத்தோட பரீட்சை முடிஞ்சதுல்ல?"

"இன்னும் ஒரே ஒரு செய்முறை பாக்கி இருக்குங்க."

"அதுக்கும் ஒரு விழா வேணுமாக்கும்? சொல்லு, இந்தத் தடவை நல்லபடியா, மனசாரச் செஞ்சு குடுக்குறேன்."

"விழா இல்லைங்க. துக்க வீடு. ஆளுகளுக்குச் சொல்லி விடுறதுலருந்து கருமாதி வரைக்கும் திட்டம் போட்டு நடத்திக் காட்டணும். அதுக்குத்தான் இன்னும் வீடு அமையல."

சொல்லிவிட்டு அவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள்.

"அவசரமில்லைங்க. ஏப்ரல் வரைக்கும் டைம் இருக்கு."