ஏழு வாக்கு வால்கட்டையர்

மன்னார்த் தீவில் தோல்வியை வால்கட்டையரைப் போல நெஞ்சை நிமிர்த்திக் கொண்டாடிய இன்னொருவர் பிறக்கவில்லை. தாழ்வுபாட்டுக்குப் போகும் வழியில், எங்கள் ஊர்ச் சந்தியில் சைக்கிள் திருத்துவது அவர் தொழில். சில்லுக்குக் காற்று விடும் வால்கட்டைகள் நாலைந்து எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். அதனால் வந்த பெயர். ஞானஸ்நானப் பெயரைக் கேட்டால் அவரே சற்று யோசிப்பார்.

அறுபதுகளில் எங்கள் கிராமச் சங்கத்துக்கு ஒரு சேர்மன் இருந்தார். மூன்று தடவையும் போட்டியில்லாமல் வந்தவர். நியமனப் பத்திரம் கொடுக்கும் நாளிலேயே சீனவெடி கொளுத்தி வென்றுவிடுவார். வாக்குப்பெட்டி என்றால் என்ன நிறம் என்று எங்கள் வட்டாரத்துக்குத் தெரியாது. அவர் போட்ட கிறவல் றோட்டு பெரிய தெருவில் தொடங்கி, அவர் வீட்டு வாசல் படலையடியில் களைத்துப்போய் நின்றுவிட்டது. அதற்கப்பால் கடற்கரை வரை மணலும் உடைமுள்ளும்தான்.

ஒருநாள் வால்கட்டையரின் பக்கத்து வீட்டு றோசலினுக்குப் பிரசவ வலி கண்டது. மணலுக்குள் கார் வராது. கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலாவது ஆள் வால்கட்டையர். சேர்மன் வீட்டுப் படலையடிக்கு வரும்போது பிள்ளை பிறந்துவிட்டது. சத்தம் கேட்டு வெளியே வந்த சேர்மன், தாயும் பிள்ளையும் சுகம் என்றதும் சிரித்தார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. என்ர றோட்டு வருமட்டும் பொறுத்திருந்து பிறந்திருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். வால்கட்டையர் மட்டும் சிரிக்கவில்லை.

"இந்த முறை நான் எலெக்சன் கேக்கிறன்" என்றார்.

வீட்டில் அவர் மனைவி மதலேனா அக்கா தலையில் கை வைத்தார். "இஞ்சாருங்கோ, றோட்டு வந்தா முள்ளு இல்லை. முள்ளு இல்லாட்டி உங்களிட்டச் சில்லுக்கு ஒட்டுப் போட ஆர் வருவினம்?"

"செயினுக்கு எண்ணெய் விட்டுப் பிழைப்பன்."

நியமனப் பத்திரத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். ஊரில் எல்லோருக்கும் சேர்மனிடம் ஏதோ ஒரு கடிதம் தேவைப்பட்டது. வால்கட்டையரைக் கண்டால் ஆட்கள் பஞ்சரான சைக்கிளோடும் மற்றப் பக்கம் திரும்பினார்கள். கடைசியில் மதலேனா அக்காவே ஒன்று வைத்தார். "பெண்சாதி கூட வைக்கேல்லையெண்டு சனம் சிரிக்கக்கூடாது" என்று கோபத்தோடுதான் வைத்தார். அடுத்ததுக்கு வால்கட்டையர் என்னிடம் வந்தார். நான் அப்போது படித்து முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"தம்பி, பேனை வச்சிருக்கிறீரோ?"

வைத்திருந்தேன். அதுதான் நான் செய்த பிழை.

சின்னம் கிடைத்தது: சேர்மனுக்குச் சில்லு, இவருக்குக் குடை. நான் வாடிப்போனேன். அவரோ கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், கழற்றிப்போட்ட சில்லுகளைக் காட்டினார்.

"பாருங்கோ, சேர்மன்ட காத்து முழுக்க இறங்கிப்போச்சு!"

கூட்டம் வைத்தோம், சேர்மன் வீட்டுப் படலையடியிலேயே. கேட்க வந்தவர்கள் இரண்டு பேர்: நானும், தன் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்த சேர்மனும். சேர்மனுக்கே இரக்கம் வந்துவிட்டது.

"உனக்குத் தொண்டை நோகும். என்ர லவுட்ஸ்பீக்கரைத் தாறன், பேசு."

"தாங்கோ" என்று வாங்கினார் வால்கட்டையர். வாங்கிய கையோடு, "இந்த லவுட்ஸ்பீக்கரின்ர வயர் கூட இந்தப் படலையைத் தாண்டாது, சனங்களே!" என்று தொடங்கினார். கடற்கரை வரை கேட்டது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வேலியோரம் நின்றார்கள். றோசலின் கைப்பிள்ளையோடு வந்தாள். பத்தாவது நிமிஷம் சேர்மன் எழுந்து வயரைப் பிடுங்கினார். வால்கட்டையர் வெறுந்தொண்டையில் இன்னும் ஒரு மணித்தியாலம் பேசினார். ஒருவரும் போகவில்லை.

வாக்குப் போடும் நாளும் வந்தது. எனக்கு ஒரு வேலைக்குச் சேர்மனிடம் நற்சான்றுக் கடிதம் வேண்டியிருந்தது. தேர்தலுக்கு முதல்நாள் அவர் என்னைக் கூப்பிட்டு, "கையெழுத்து வச்சது போகட்டும், வாக்குச்சீட்டில புள்ளடியை யோசிச்சுப் போடும்" என்று சொல்லியிருந்தார். மறைப்புக்குள் ஒருவரும் பார்க்கவில்லை என்று தெரியும். தெரிந்தும் சில்லுக்கே போட்டேன்.

குடைக்கு விழுந்தது ஏழு வாக்கு. சேர்மனின் ஆட்கள் வெடி கொளுத்தினார்கள். வால்கட்டையர் துள்ளிக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தார்.

"தம்பி, நான், மதலேனா, நீர், றோசலின். நாலு. மிச்ச மூண்டு பேர் ஆர்? பயமில்லாத மூண்டு சனம் இந்த ஊரில இருக்குதடாப்பா!"

நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த நாள் கம்பி உடைந்த ஒரு குடையை விரித்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். "வாக்குப் போட்டதுக்குப் பெரிய உபகாரம்" என்றார் எல்லோரிடமும். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்ல யாருக்கு மனம் வரும்? "ஓமோம், உங்களுக்குத்தான்" என்றார்கள். பின்னேரத்துக்குள் அந்த மூன்று பேர் முப்பத்தெட்டுப் பேராகிவிட்டார்கள். கதை சேர்மன் காதுக்குப் போனது. எண்ணிய வாக்கை விட, எண்ணாத வாக்கு அவரைப் பயமுறுத்தியது. அடுத்த மாதம் கிறவல் லொறி வந்து படலையைத் தாண்டிப் போனது.

வால்கட்டையரின் கடையில் கூட்டம் குறைந்தது. அப்படியும் அடுத்த தேர்தலில் மறுபடி கேட்டார்.

"றோட்டுத்தான் வந்திட்டுதே அண்ணை, இன்னும் என்னத்துக்கு?" என்று கேட்டேன். நான் அப்போது வவுனியாவில் வேலை. வாக்குப் போடுவதற்கென்றே லீவு எடுத்து வந்திருந்தேன்.

"எதிர்க்க ஆளில்லாட்டி அந்த மனுசனுக்கு நித்திரை வந்திடும், தம்பி."

அன்றைக்கு அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முதல் தடவை நான் குடைக்குப் போடவில்லை என்றேன். வால்கட்டையர் கையிலிருந்த சில்லைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் வெளிச்சமாகி என் முதுகில் ஓங்கி அடித்தார்.

"அப்ப, பயமில்லாத சனம் நாலு பேரடா!"

அந்தத் தடவையும் அவர் தோற்றார். அவர் அடித்த இடம் வவுனியா போய்ச் சேருமட்டும் சுகமாக நொந்துகொண்டிருந்தது.