ஞாயிற்றுக்கிழமைச் சகதி

"மேகம் வந்தா அதுவே தெரியும். நீங்க உள்ள வாங்க," என்றாள் மனைவி.

நிபுணர் உள்ளே வரவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். வானம் துடைத்துக் கவிழ்த்த தட்டுபோலப் பளிச்சென்று இருந்தது. அவர் வயிற்றில்தான் இடி இடித்தது.

கூடத்துச் சோபாவில், விருந்தாளிகள் உட்காரும் இடத்தில், இரண்டு சைக்கிள் சக்கரங்கள் சாய்ந்திருந்தன. மேனேஜருடைய மலைச் சைக்கிளின் சக்கரங்கள். அவற்றுக்குச் சற்று முன்புதான் சகதி டயர் மாட்டியிருந்தார். பட்டன் பட்டனாகத் துருத்திக்கொண்டு, அப்பிய மண் உதிர்ந்து விழ நடுவே தாராளமாக இடம் விட்ட டயர். சேற்றில் பேயாகப் பிடிக்குமாம். காய்ந்து இறுகிய தரையில் ஓட்டினாலோ பட்டன்கள் மடங்கி, திருப்பத்தில் ஆளை உருட்டிவிடுமாம். கடைக்காரர் இதைப் பணம் வாங்கிக் கல்லாவில் போட்ட பிறகுதான் சொன்னார்.

இவருக்கு 'நிபுணர்' என்று பெயர் வந்த கதை பெரிதல்ல. பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவர். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது மேனேஜர், தாம் சைக்கிளில் மலை ஏறிய பராக்கிரமத்தை விவரித்துக்கொண்டிருந்தார். பாறை, பள்ளம், மூடுபனி எல்லாம் வந்தன. சுற்றி இருந்தவர்கள் முறை வைத்து "அப்பா!" என்றார்கள். தாமும் "அப்பா!" என்றால் கும்பலோடு கும்பலாகப் போய்விடுவோமே என்று இவர், "டயர் என்ன சார் போடறீங்க? மண்ணைப் பாத்துல்ல டயர் போடணும்?" என்று கேட்டுத் தொலைத்தார். பல் டாக்டரிடம் காத்திருந்தபோது பழைய பத்திரிகை ஒன்றில் படித்த வரி அது.

மேனேஜரின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அட, நிபுணரா நீங்க! நீங்களும் மலை ஏறுவீங்களா?"

"அப்பப்போ, சார்."

அவர் அப்பப்போ ஏறியது மொட்டை மாடிக்கு. துணி காயப்போட.

இத்துடன் முடிந்திருந்தால் பாதகமில்லை. ஆனால் கம்பெனி, எங்கோ கண்காணாத மலையடிவாரத்தில் புதிதாக ஒரு கிடங்கு திறந்திருந்தது. அதற்கு இந்த ஆபீசிலிருந்து ஒருவரைத் தூக்கிப் போட வேண்டும். திங்கட்கிழமை ஆர்டர். யார் என்பது மேனேஜர் கையில். மனைவிக்கு இங்கே வேலை, மகளுக்கு இங்கே பள்ளிக்கூடம், கூட இருக்கும் மாமனாருக்கு இங்கே ஆஸ்பத்திரி. மாற்றல் வந்தால் குடும்பம் இரண்டாகப் பிளந்துவிடும்.

இந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் சக்கரங்களைக் கழற்றி டிரைவரிடம் இவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, இவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஏறறேன். அன்னிக்குக் கொட்டற மழை. பாதை முழுக்கச் சகதி. அதுக்கேத்த டயரா நீங்களே பாத்து மாட்டிக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மழையை அதற்கு இத்தனை நாள் முன்பே இவ்வளவு கறாராகச் சொல்ல வானிலை ஆபீசுக்கே துணிச்சல் வராது. ஆனால் அங்கே இருப்பவர்கள் மேனேஜர்கள் அல்லவே. 'எந்த மலை சார்?' என்று கேட்க வாயைத் திறந்த நிபுணர், மூடிக்கொண்டார். நிபுணன் கேட்கக் கூடாது. தவிர, ஊருக்கு வெளியே இருப்பது ஒரே ஒரு மலை.

பழைய டயர்களைக் கழற்றியபோதுதான் அவர் அதைக் கவனித்தார். பின் டயர் நடுவில் மொழுமொழுவென்று தேய்ந்து போயிருந்தது. முன் டயரிலோ கடையில் வாங்கியபோது இருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை.

"முன் சக்கரத்தைத் தூக்கிக்கிட்டே மலை ஏறறார்டி அந்த மனுஷன்," என்றார் மனைவியிடம். "எப்பேர்ப்பட்ட ஆளு! அவருக்குப் போய் நான் டயர் தேடறேன்."

அதுதான் இப்போது பால்கனியில் வந்து நின்றதற்குக் காரணம். போனில் வானிலை பார்த்தார். ஞாயிறு: வெயில். இன்னொரு போனில் பார்த்தார். கொளுத்தும் வெயில். மனைவியின் தம்பி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். தினமும் அந்த மலைப் பக்கம்தான் போய்வருகிறான். அவனைக் கூப்பிட்டார்.

"மச்சான், மலைப்பாதை எப்படிடா இருக்கு?"

"புழுதி பறக்குது மாமா. மண்ணு சிமெண்டு மாதிரி காஞ்சு கெடக்கு. ஏன், நீங்க ஏறப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்விக்குத் தானே சிரித்தான்.

நிபுணரின் கண் முன்னே மேனேஜர், சகதி டயரோடு திருப்பத்தில் வழுக்கி, உருண்டு, பள்ளத்தில் விழும் கடைசி நொடியில் "டெஸ்பாட்ச்சைக் கிடங்குக்குப் போடுங்க" என்று கத்துவது தெரிந்தது. சைக்கிள் கடைக்கு ஓடினார்.

"காஞ்ச மண்ணுக்கு டயர் குடுங்க."

"காஞ்ச மண்ணுன்னா எந்தக் காஞ்ச மண்ணு?" கடைக்காரர் கண்களை மூடிக்கொண்டார். "இறுகின மண்ணா, உதிரி மண்ணா, சரளையா? காலை வெயிலா, சாயங்கால வெயிலா? டயர்ங்கறது ரப்பர் இல்லீங்க. அது ஒரு மனநிலை."

"எனக்கு இருக்கற மனநிலைக்கு எதையாவது குடுங்க," என்றார் நிபுணர்.

பட்டன்கள் குட்டையாக, நெருக்கமாக வைத்த டயர் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சகதி டயரைக் கழற்றி அதை மாட்டினார். டியூப் இல்லாத டயர். உள்ளே பால்போல ஒரு பசையை ஊற்றிக் காற்றடிக்க வேண்டும். ஊற்றினார். அடித்தார். டயர் விளிம்பில் உட்காரவில்லை. இன்னும் அடித்தார். படாரென்று விளிம்பு பிதுங்கியது. பசை கூடமெங்கும் தெறித்தது. டிவி மேல், திரைச்சீலை மேல், மனைவி இஸ்திரி போட்டு வைத்திருந்த உடுப்பின் மேல், சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த மாமனாரின் வழுக்கைத் தலை மேல்.

மாமனார் கண்ணைத் திறக்காமல் தலையைத் தடவிப் பார்த்தார். "மழை வந்துடுச்சு மாப்ளே. நீங்க கேட்ட மாதிரியே."

மனைவி ஓடி வந்தாள். உடுப்பைத் தூக்கிப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். மறுபடி உடுப்பைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டயர் ஒருவழியாக உட்கார்ந்த அதே நிமிடம் போன் அடித்தது. மேனேஜர்.

"என்ன நிபுணரே, சகதி டயர்தானே போட்டிருக்கீங்க?"

"வந்து... வெயில் அடிக்கும்போல இருக்கே சார்..."

"வெயிலா?" மேனேஜர் சிரித்தார். "நான்தான் சொல்றேனே. மழை! பின் சக்கரம் நல்லாப் பிடிக்கணும். முன் சக்கரத்தைப் பத்திக் கவலையே படாதீங்க."

"சகதி டயரேதான் சார்," என்றார் நிபுணர், காய்ந்த மண் டயரை மடியில் வைத்துக்கொண்டு.

மறுபடி கழற்றி மறுபடி மாட்டினார். நெம்புகோல் முறிந்தது. சாப்பாட்டுக் கரண்டியால் நெம்பினார். கரண்டி வளைந்தது, விரல் நசுங்கியது. டயரின் பக்கத்தில் உருளும் திசையைக் காட்ட ஓர் அம்புக்குறி உண்டென்பதை எல்லாம் முடிந்த பிறகு மாமனார்தான் காட்டினார். "அம்பு பின்னாடி பாக்குதே மாப்ளே. உங்க சார் ரிவர்ஸ்ல ஏறுவாரோ?" மறுபடியும் கழற்றினார்.

சனிக்கிழமை மாலை டிரைவர் வந்து சக்கரங்களை எடுத்துப் போனான். வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

சகதி டயர் போயாயிற்று. சகதி இல்லை. டயரை இனி மாற்ற முடியாது. அப்படியென்றால் மாற்ற வேண்டியது எது? ஒரு மனிதனுக்குப் பயம் முற்றும்போது இப்படித்தான் தெளிவு பிறக்கிறது.

"மச்சான், நாளைக்கு விடியறதுக்குள்ள உன் லாரித் தண்ணியை அந்த மலைப்பாதையில திறந்து விடணும்."

எதிர்முனையில் லாரி எஞ்சின் அணைக்கப்பட்டது.

"மாமா, அக்கா பக்கத்துல இருக்காளா? போனைக் குடுங்க."

"எனக்குப் பைத்தியம் எல்லாம் இல்லடா! ஒரு லாரித் தண்ணி. லேசாச் சகதி ஆனாப் போதும். இல்லன்னா உங்க அக்காவை விட்டுட்டு நான் மலையடிவாரத்துல பம்பு எண்ணிட்டு இருக்கணும்."

அக்கா பெயர் வேலை செய்தது. மைத்துனன் ஒப்புக்கொண்டான்.

விடிகாலையில் நிபுணரை எழுப்பியது இடி. நிஜ இடி. பால்கனிக்கு ஓடினார். இத்தனை நாளாகக் காட்டாத முகத்தை வானம் ஒரேயடியாகக் காட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை. மேனேஜர் வாக்கு பலித்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிடப்போன நேரத்தில் போன் வந்தது.

"மாமா! நான் தண்ணியத் திறந்து விட்டேன். மேலேர்ந்து மழையும் திறந்து விட்டுடுச்சு. பாதை இல்ல மாமா இது, ஆறு! லாரி இடுப்பு வரைக்கும் சேத்துல நிக்குது. மேல ஒரு பாறை ஆடுது. யாரும் இந்தப் பக்கம் வரக் கூடாது, ஆமா!"

நிபுணர் சகதிக்குத்தான் டயர் போட்டிருந்தார், ஆற்றுக்குப் போடவில்லை. மேனேஜருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. புறப்பட்டுவிட்டார்! முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்!

குடையை எடுக்க மறந்து ஓடினார். ஒரு செருப்பு வழியில் போனது. மேனேஜர் குடியிருந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக மலை ஏறுவது என்றால் என்ன என்று அவருக்குப் புரிந்தது. மணியை அழுத்தினார். விரலை எடுக்கவே இல்லை.

மேனேஜரின் மனைவி கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து, லாரி ஒன்று ஏற்றத்தில் திணறுவதுபோல ஓர் உறுமல் வந்துகொண்டிருந்தது.

"மேடம்... சாரை மலைக்கு விடாதீங்க! பாதையே இல்ல!"

"அவர் ஏற ஆரம்பிச்சு எவ்ளோ நேரம் ஆச்சு தம்பி. பாதி மலை வந்தாச்சுன்னு இப்பத்தான் தண்ணி கேட்டார்."

"கேட்டாரா? போன்லயா?"

"இல்லியே, ஹால்லேர்ந்து," என்று அம்மாள் ஒதுங்கி வழிவிட்டார்.

நிபுணர் எட்டிப் பார்த்தார். பெரிய டிவியில் ஏதோ ஒரு மலைக்காட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே இரும்பு ஸ்டாண்டில் சைக்கிள் பூட்டப்பட்டிருந்தது. முன் சக்கரம் சமர்த்தாக நின்றது. பின் சக்கரம் மட்டும் ஓர் உருளையின் மேல் உறுமிக்கொண்டு சுழன்றது. மேலே மேனேஜர்: ஹெல்மெட், மழைக்கோட்டு, முகத்துக்கு நேரே மின்விசிறி. நிஜ மழை உள்ளே வராதபடி ஜன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன.

"மழைப் படத்துக்கு மழை டயர் போட்டாத்தான் ஒட்டுமாம்," என்றார் அம்மாள். "இந்தச் சத்தத்துக்குக் கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு தடவை வந்துட்டாங்க. ஆமா, என்ன இப்படித் தொப்பலா நனைஞ்சு, ஒத்தைச் செருப்போட? நீங்கதானே அந்த நிபுணர்?"

நிபுணரின் தலை தானாக ஆடியது.

அம்மாள் முகம் மலர்ந்து, உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குத்தான் சொல்லணும்னு இருக்கார், நீங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க: 'எனக்குத்தான் டிவி மலைன்னு ஆயிடுச்சு, ஆபீஸ்ல நிஜமா ஏறற ஒரே மனுஷன் அவர், அவராவது அனுபவிக்கட்டும்'னு அந்த மலையடிவாரக் கிடங்குக்கு உங்களையே போட்டு, நேத்தே கையெழுத்துப் போட்டுட்டார் தம்பி."