வறட்சி நிவாரணப் புளியோதரை

கல்யாணமோ காதுகுத்தோ, மந்தைவெளியில் எங்கே அண்டா அடுப்பேறினாலும் அதன் பக்கத்தில் அழையாமலே வந்து முளைக்கும் ஓர் இனம் உண்டு. பெயர், பதம் பார்ப்பவர். சமைக்கத் தெரியாது. பரிமாறவும் மாட்டார். ஆனால் தாம் ஒரு வாய் போட்டு, கண்ணை மூடி, தலையாட்டாத வரை எந்தச் சாப்பாடும் சாப்பாடாகாது என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. இவரை நீங்கள் பார்த்ததில்லையா? எங்கள் வேதாந்தத்தைப் பாருங்கள்.

மதுராந்தகத்துக்கு அப்பால் மழை பொய்த்து, ஏரி வறண்டு வெடித்து, அடுப்பெரியாமல் கிடந்த ஒரு கிராமத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு அனுப்புவதென்று எங்கள் தெருவில் முடிவாயிற்று. விடிவதற்குள் சாதம் வடித்தாயிற்று, புளிக்காய்ச்சல் கலந்தாயிற்று, மெஹபூப் பாஷா கூலி வேண்டாமென்று சொல்லி லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியும் ஆயிற்று. மூடி போடுகிற நேரத்தில் வேதாந்தம் வந்தார். உள்ளங்கையில் ஒரு கவளம் வாங்கிக்கொண்டார். கண்ணை மூடினார்.

"ஒரு துளி வெல்லம் போட்டிருக்கலாமோன்னு தோண்றது."

"புளியோதரைக்கு வெல்லமா? எங்காத்துல கேட்டா சிரிப்பா!" என்றார் புளிக்காய்ச்சல் கிளறிய ராமானுஜம்.

யார் சொல்வது சரியென்று பார்க்க ஆளுக்கொரு கவளம். வெல்லம் போட்டுக் கிளறிய பிறகு வித்தியாசம் பார்க்க இன்னொரு கவளம். வித்தியாசம் தெரியாதவர்களுக்குத் தொன்னையில். தொன்னை வந்ததும் தெருவே வந்தது. பெருங்காயம் போதாதென்று ஒரு கட்சி, கடலைப்பருப்பு நமுத்துவிட்டதென்று ஒரு கட்சி, சமாதானம் பேச வந்து இரண்டு தொன்னை காலி செய்தவர் ஒருவர்.

"சாமி, அங்க ஊரே இலையப் போட்டுக்கினு குந்திக்கினு கீது. வண்டிய எடுக்கட்டா?" என்று கத்தினார் பாஷா.

"நீங்களே சொல்லுங்கோ பாய்" என்று வேதாந்தம் அவர் கையிலும் ஒரு தொன்னையைத் திணித்தார்.

பாஷா மென்றார். யோசித்தார். "காரம் கொஞ்சம் கம்மியா கீது சாமி."

ஒருவழியாக வெயில் ஏறிய பிறகு லாரி கிளம்பியது. அண்டாவைத் தூக்கி வைத்தவர்கள், இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்கள்.

லாரியில் கூடப் போய்ப் பரிமாறிவிட்டு வந்த சாருலதா, சாயங்காலம் வேதாந்தத்தின் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "கடைசி வரிசைக்கு வரதுக்குள்ள தீர்ந்துபோச்சு மாமா. குழந்தைகள்லாம் வெறும் இலையைப் பார்த்துண்டு உக்காந்திருந்துதுகள். எழுந்துக்கச் சொல்ல எனக்கு வாய் வரலை."

வேதாந்தம் கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார், மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஐயோ, பாவமே! சாப்பிட்டவா என்ன சொன்னா? வெல்லம் தூக்கலா இருந்துதாமா?"

எனக்கு வயிறு எரிந்தது. உங்களுக்கும் எரிந்திருக்கும். நல்லது. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். புளியோதரைக்கு வெல்லம் போடலாமா கூடாதா என்று அவர்கள் அடித்துக்கொண்டபோது, படித்துக்கொண்டிருந்த நீங்கள் எந்தக் கட்சி? ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்திருந்தால், கையை முகர்ந்து பாருங்கள். அந்தக் கடைசி வரிசைக் கவளத்தில் ஒன்று உங்களிடமும் வந்திருக்கிறது.