சாஞ்சாளம்மன் விரதம்

ஒரு காட்டில் மாடத்தி என்றொரு தாய்க்கரடி இருந்தாள். இருந்தாள் என்று பேச்சுக்குச் சொல்வதுதான். அவள் ஒரு நாளும் ஓரிடத்தில் இருந்தது கிடையாது. கரடிகளில் குட்டியை முதுகில் சுமப்பது தாயின் வேலை. மாடத்திக்கு இரட்டைக் குட்டிகள். ஒன்று இடது காதைப் பிடித்துக்கொள்ளும், இன்னொன்று வலது காதை. பசித்தால் இரண்டும் சேர்ந்து இழுக்கும். அந்தச் சுமையோடுதான் அவள் புற்று தோண்டுவாள், தேன் எடுப்பாள், இலுப்பைப்பூ பொறுக்குவாள், மாமியாருக்குக் கஞ்சியை ஆற்றிக் கொடுப்பாள், புருஷன் சொக்கையாவைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்வாள். அப்பாடா என்று இடுப்பை மடக்கினால், பாதி மடங்கும்போதே "ம்மா!" என்று குரல் வரும். எழுந்துவிடுவாள். கல்யாணமானதிலிருந்து அவள் உட்கார்ந்ததெல்லாம் பாதிப் பாதிதான்.

ஒரு நாள் சொக்கையாவின் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. கடல் தாண்டி முத்துத்தீவு என்று ஒரு நாடாம். வருஷம் முழுக்க வெயிலாம். கல் கோயில்களாம், முகமூடி ஆட்டமாம், நூறு வகை மேளமாம். மாடத்தி அதையெல்லாம் வாசிக்கவே இல்லை. படத்தை மட்டும் பார்த்தாள். படத்தில் கடல் இருந்தது. கடலுக்கு முன்னால், மணலில், ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அதில் யாரும் இல்லை.

"ஏங்க, நான் இங்க போகணும்."

"போயி?"

"அந்த நாற்காலியில உட்காரணும். மூணு நாளு. யாரு கூப்பிட்டாலும் எந்திரிக்கக் கூடாது."

சொக்கையா படுத்தபடியே சிரித்தான். "உட்கார்றதுக்கு எவளாவது கப்பல் ஏறுவாளா? நம்ம ஓடைக்கரையில போயி உட்காரேன். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

சரிதான் என்று ஓடைக்கரைக்குப் போனாள். இடுப்பு பாதி மடங்கியது. "ஏத்தா மாடத்தி, சும்மாதானே இருக்கே, இந்தத் துண்டை அலசிக் குடு!" என்று மாமியார் நாச்சம்மா குரல் கொடுத்தாள். மாடத்தி துண்டை அலசிப் பிழிந்தபோதே முடிவு பண்ணிவிட்டாள். கடல் தாண்டினால்தான் ஆகும்.

வருஷாவருஷம் நாடு நாடாகப் பறந்து பழகிய நாரை ஒருவன் ஆலமரத்தடியில் டிராவல்ஸ் வைத்திருந்தான். மாடத்தியைப் பார்த்ததும் ஒற்றைக் காலில் எழுந்து நின்றான்.

"வாங்கக்கா! முத்துத்தீவுன்னா சும்மா இல்ல, கலாச்சாரம்! விடியக் காலம் நாலரைக்கு எழுப்பிடுவோம். மலைக்கோயில், படி எண்ணூறு. இறங்கின கையோட அரண்மனை. மதியம் முகமூடி ஆட்டம். அப்புறம் அந்த நாட்டுச் சமையலை நீங்களே சமைச்சுப் பழகலாம்..."

"நான் சமைக்கணுமா?"

"அனுபவம்க்கா!"

"கடல் எங்கப்பா வருது?"

நாரை தாளைப் புரட்டினான். "மூணாம் நாளு. நாலு மணியிலேருந்து நாலரை வரைக்கும் கடற்கரையில் ஓய்வு. அதுல இருபது நிமிஷம் போட்டோ."

"அந்த அரை மணி நேரத்தை மூணு நாளைக்கு இழுத்துக் குடு. மத்ததெல்லாம் எடுத்துரு."

நாரைக்கு முகம் சுண்டிப்போனது. "அப்படி ஒரு பேக்கேஜ் இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லக்கா. அவ்வளவு கலாச்சாரம் உள்ள நாட்டுக்குப் போயி உட்கார்ந்துட்டு வந்தீங்கன்னா, அந்த நாட்டுக்காரன் நம்ம காட்டைப் பத்தி என்ன நினைப்பான்? முதல்ல விசா வாங்கிட்டு வாங்க, பேசிக்குவோம்."

இதற்குள் சேதி காடெங்கும் பரவிவிட்டது. மறுநாள் காலையில் நாத்தனார் குருவம்மா மூட்டையோடு வந்து இறங்கினாள்.

"மாடத்தி, போறதுதான் போறோம், எல்லாருமாப் போவோம். உனக்கு ஒரு தொந்தரவும் குடுக்க மாட்டோம். அங்க சாப்பாடு நம்ம வாய்க்கு விளங்காதாம். நீ ரெண்டு வேளை சோறு மட்டும் பொங்கிரு. காலையில லேசா தோசை போதும்."

"மதினி, தோசைக்கு மாவு..."

"அதான் ஆட்டுக்கல்லை எடுத்துட்டு வந்திருக்கேனே!"

மாமியாரும் சேர்ந்துகொண்டாள். "உப்புத் தண்ணி துணியை அரிச்சிரும். அன்னன்னைக்குத் துவைச்சுப் போட்டுரு. சோப்பு நாலு கட்டி எடுத்துக்க. நான் எட்டுப் புள்ள பெத்தேன், ஒரு நாளு உட்கார்ந்தது கிடையாது. நீ குடுத்து வச்சவ, கடலைப் பார்த்துக்கிட்டே துவைக்கலாம்."

சொந்தத்தில் மொத்தம் பதினோரு கரடிகள் கிளம்பத் தயார். வீட்டு அடுப்பைத் தூக்கிக் கடலோரத்தில் வைத்துவிட்டு அதற்குச் சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது மாடத்திக்கு அப்போதுதான் விளங்கியது. ஆனாலும் விசாவுக்குப் போனாள். அந்த நாற்காலி கண்ணை விட்டுப் போகவில்லை.

முத்துத்தீவு விசா அலுவலகத்தில் அதிகாரி ஓர் உடும்பு. பிடித்தால் விடமாட்டார் என்பதற்காகவே அவரை அந்த வேலையில் வைத்திருந்தார்கள். வரிசை புளியமரம் தாண்டி நின்றது. உட்காருவதற்கு அனுமதி வாங்க, மாடத்தி காலை ஏழு மணியிலிருந்து பதினொன்றரை வரை நின்றாள், முதுகில் இரண்டோடு.

உடும்பு விண்ணப்பத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "பயணத்தின் நோக்கம்னு கேட்ட இடத்துல 'உட்கார'ன்னு எழுதியிருக்கு. எதுக்கு உட்காரணும்?"

"எந்திரிக்காம இருக்கத்தான் சார்."

"இதெல்லாம் ஒரு நோக்கமா? படிப்பு, வியாபாரம், உறவினர், சுற்றிப் பார்த்தல், வழிபாடு. இந்த அஞ்சுல ஒண்ணைச் சொல்லு."

"சுற்றிப் பார்த்தல்னு போடுங்களேன்."

"போட்டா பன்னிரண்டு இடம் கட்டாயம். ஒவ்வொரு இடத்துலயும் முத்திரை வாங்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் திரும்பி வர்றப்போ துறைமுகத்துல நிறுத்திருவோம்."

"சார், ஒரு ஓரமா, யாருக்கும் இடைஞ்சல் இல்லாம..."

"நோக்கமில்லாதவங்களை உள்ள விட்டா, நாளைக்கு நாடு முழுக்க வந்து உட்கார்ந்துக்குவாங்க. பின்னாடி கூட்டம் நிக்குது. எதையாவது டிக் போடு, இல்ல நகரு."

முதுகில் குட்டிகள் விழித்துக்கொண்டு இரண்டு காதையும் இழுத்தன. பின்னால் நின்ற காட்டெருமை கொம்பால் இடித்தது. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. மாடத்தி பேனாவை எடுத்தாள். ஐந்தாவது கட்டத்தில் டிக் போட்டாள்.

"வழிபாடா? என்ன வழிபாடு?"

"விரதம்" என்றாள். வாய்தான் சொன்னது, அவளுக்கே தெரியாது. "கடலைப் பார்த்து மூணு நாளு உட்கார்ந்திருக்கிற விரதம் சார். பேசக் கூடாது. எந்திரிக்கக் கூடாது. யாரையும் தூக்கக் கூடாது."

"எந்தச் சாமிக்கு?"

மாடத்தி கண்ணை மூடினாள். நாற்காலி வந்தது. "சாஞ்சாளம்மனுக்கு."

உடும்பு எழுந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். "முதல்லயே சொல்ல வேண்டாமா தாயீ? விரதக்காரங்களை வரிசையில நிக்க வச்சுட்டேனே!" என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார். கூடவே, எனக்கும் வேண்டிக்கம்மா, ரெண்டு வருஷமா பதவி உயர்வு தள்ளிக்கிட்டே போகுது என்றார். காட்டெருமை ஓரமாகப் போய்க் கும்பிட்டது.

வீட்டில் மாமியார் மட்டும் லேசில் மசியவில்லை. "சாஞ்சாளம்மனா? நம்ம பக்கத்துல அப்படி ஒரு சாமியே கிடையாதே."

"எங்கம்மா வீட்டுப் பக்கத்துச் சாமி அத்தை."

"இத்தனை நாளா வாயைத் திறக்கலயே?"

"நேர்ந்துக்கிட்டதை மறந்துட்டேன். அதான் உங்க மகனுக்கு முடி கொட்டுது."

சொக்கையா வெடுக்கென்று எழுந்து உச்சியைத் தடவிப் பார்த்தான். கரடிக்கு முடி போனால் என்ன மிச்சம்? "அம்மா, சாமி விஷயத்துல குறுக்க பேசாதே. மாடத்தி, முறை என்னன்னு சொல்லு."

மாடத்தி முறையைச் சொன்னாள். விரதக்காரியோடு வரும் சொந்தபந்தம் அடுப்பு மூட்டக் கூடாது, மூட்டச் சொல்லவும் கூடாது, ஊறவைத்த அவல்தான். குருவம்மாவுக்கு உடனே மூட்டுவலி வந்துவிட்டது. ஆட்டுக்கல்லோடு ஊர் திரும்பினாள். மற்ற சொந்தங்களுக்கும் ஆளுக்கொரு வேலை வந்தது. மாமியார் குகைக்குக் காவல் இருக்கிறேன் என்றாள்.

"அப்புறம், விரதக்காரி புருஷன் குட்டிகளை முதுகை விட்டு இறக்கக் கூடாதுங்க. இறக்கினா விரதம் முறிஞ்சிரும்."

"மூணு நாளுமா?"

"உங்க முடிக்குத்தானே."

அப்படியாக முத்துத்தீவு போய்ச் சேர்ந்தார்கள். சொக்கையா சுற்றிப் பார்க்கும் விசாவில் வந்ததால் பன்னிரண்டு இடமும் அவன் தலையில் விழுந்தது. நாரை கொடியைப் பிடித்து முன்னால் நடக்க, அவன் குட்டிகளோடு எண்ணூறு படி ஏறினான்.

மாடத்தி நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தாள். முதல் நாள் காலையில் அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. கை தன்னால் காற்றைத் தட்டித் தூங்கவைத்தது. கால் மணிக்கொரு தரம் இடுப்பு பாதி எழும்பியது. யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்து திரும்ப இறங்கியது. மத்தியானத்துக்கு மேல்தான் இழுக்க ஆளில்லாத காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. கடல் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமாக அது அங்கேதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் சொக்கையா நாக்குத் தள்ள வந்து மணலில் இடுப்பை மடக்கினான். பாதி மடங்கும்போதே "ப்பா!" என்றன குட்டிகள். மாடத்தி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

வயிற்றில் குட்டி தொங்க அந்தப் பக்கம் போன தீவு மந்தி ஒருத்தி நின்றாள். "உங்க வீட்டம்மாவுக்கு உடம்புக்கு ஆகலையா?"

"விரதம்மா. சாஞ்சாளம்மன். பேச மாட்டா, எந்திரிக்க மாட்டா, புள்ளையைத் தூக்க மாட்டா" என்றான் சொக்கையா மூச்சு வாங்க.

மந்தி மாடத்தியைப் பார்த்தாள். மாடத்தி மந்தியைப் பார்த்தாள். ஒரு கண்ணை மட்டும் மெதுவாகச் சிமிட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் மந்தி வந்தாள், வயிற்றில் குட்டி இல்லாமல். கூடவே ஆறு தாய்மார். மூன்றாம் நாள் கரை முழுக்க நாற்காலி. தீவின் ஆண்பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாதீங்கடா, அம்மன் கோவிச்சுக்கும் என்று கிசுகிசுத்தபடி அவல் ஊறவைத்தார்கள்.

காடு திரும்பிய மாடத்தியைப் பார்த்து நாச்சம்மா சுற்றுமுற்றும் கண்ணை ஓட்டினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஏத்தா, அந்த விரதத்துக்கு வயசு கணக்கு எதுவும் உண்டா?"

"இல்ல அத்தை."

"எட்டுப் பெத்தவ இருக்கலாமா?"

"எட்டுப் பெத்தவ எட்டு நாளு இருக்கணும் அத்தை."

நாச்சம்மா ஓடைக்கரைச் சரிவுப்பாறையில் எட்டு நாள் சாய்ந்திருந்தாள். சொக்கையா விசிறினான். பிறகு பெண்மான், பெண்பன்றி, முயல்காரி எல்லாரும் பாறைக்கு வந்தார்கள். அந்தக் கோடை முழுக்கக் காட்டில் ஆண்கள் நடந்தார்கள், பெண்கள் உட்கார்ந்தார்கள்.

மழைக்காலம் தொடங்கியதும் ஆண்கள் கூட்டம் போட்டார்கள். "இவ்வளவு சக்தியுள்ள அம்மனுக்கு ஒரு கோயில் இல்லாம இருக்கலாமா? காட்டுக்கே கேவலம்" என்றான் சொக்கையா. அவனையே கமிட்டித் தலைவனாக்கினார்கள். ஓடைக்கரைப் பாறையைச் சுற்றிச் சுவர் எழும்பியது. நடுவில் தேக்கில் ஒரு சாய்வு நாற்காலி, மாலை, கம்பிக் கதவு. வாசலில் பலகை மாட்டினார்கள்: திருவிழாவுக்குப் பெண்கள் விடியுமுன் குளித்து நூற்றெட்டுப் பானை பொங்கல் வைக்க வேண்டும். பிரகாரம் கழுவுவது பெண்கள் பொறுப்பு. அம்மன் சாய்ந்திருக்கும்போது மற்றப் பெண்கள் உட்காருவது மரியாதை அல்ல.

கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்து பேசுவதற்கு மட்டும் பன்னிரண்டு சாய்வு நாற்காலிகள் வாங்கிப் போட்டார்கள்.

திருவிழாவன்று மாடத்தி பதினேழாவது பானையைக் கிண்டிக்கொண்டிருந்தாள். முதுகில் இரண்டும் காதை இழுத்தன. புகையில் கண் எரிந்தது. பக்கத்துப் பானையிலிருந்து நாச்சம்மா மெல்ல நகர்ந்து வந்தாள்.

"ஏத்தா, உங்கம்மா வீட்டுப் பக்கம் வேற சாமி ஏதும் இருக்கா?"

மாடத்தி அடுப்பை ஊதினாள். கமிட்டி நாற்காலியில் சாய்ந்திருந்த சொக்கையாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"இருக்கு அத்தை. ஆனா அது ஆம்பளைங்க காதுல பேரு விழக் கூடாத சாமி."

நீதி: ஓய்வு என்று கேட்டால் வசவு கிடைக்கும்; விரதம் என்று சொன்னால் விசிறி கிடைக்கும். ஆனால் கோயில் மட்டும் கட்ட விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே கையில் கரண்டி வந்துவிடும்.