நேர்கோட்டில் ஐந்நூறு கிலோமீட்டர்

"நாப்பது நிமிஷம்னு சொன்னீங்களே மாப்பிள்ளை, இன்னும் கிளம்பவே இல்லையே?" என்றார் விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்த மாமியார்.

சர்வேயர் வாய்க்கு வந்ததைச் சொல்லும் ஆள் அல்ல. இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுப் பார்த்திருந்தார். ஐந்நூறு கிலோமீட்டர் வந்தது. அதை விமானத்தின் வேகத்தால் வகுத்துத்தான் சொல்லியிருந்தார்.

கோட்டின் மறுமுனையில், தன் அக்காள் வீட்டில் இருந்த அவர் மனைவிக்கு நாள் கணக்குக்கு முன்பே வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். பஸ்ஸில் போனால் குழந்தை பிறந்து தூங்கியே போயிருக்கும். ஆனாலும் சர்வேயர் பஸ்ஸில்தான் போயிருப்பார். கால் தரையை விட்டு எழும்புவதை நினைத்தாலே அவருக்குக் குலை நடுங்கும். வெளியே சொன்னதில்லை, வெட்கம்.

மகளின் துணிமணிகளை எடுத்துப்போக வந்திருந்த மாமியார் குறுக்கே விழுந்தார். "எனக்குப் பிளேன்னா பயம் மாப்பிள்ளை. நீங்க கூட வந்தா ஏறிடுவேன்." அதற்கு மேல் எப்படி மறுப்பது?

"முன்னாடி நாலு பிளேன் க்யூல நிக்குது அத்தை. வேற ஒண்ணுமில்ல."

"மேலயும் க்யூ இருக்குமோ?"

"மேல அவ்வளவும் காலி எடம்."

விமானம் எழும்பியது. மாமியார் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கீழ என்ன தெரியுது? எனக்குப் பாக்கத் தைரியம் இல்ல, நீங்க பாத்துச் சொல்லுங்க."

வேறு வழியில்லாமல் சர்வேயர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே மெய்மறந்துபோனார். வருடக்கணக்கில் வெயிலில் சங்கிலி பிடித்து அளந்த நிலமெல்லாம் வரப்பும் வாய்க்காலுமாக ஒரே பார்வையில் விரிந்து கிடந்தது. எவ்வளவு அழகு! வாய் ஓயாமல் வர்ணித்தார்.

விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"நேர்கோடுன்னீங்க, திரும்புதே?"

"எறங்கப் போறாங்க."

"அப்ப ஏன் இந்த ஏரியையே சுத்திச் சுத்தி வராங்க?"

"எறங்க எடம் கெடைக்கல போல" என்று ஆறுதலாகச் சொன்னார். முன் சீட்டுக்காரர் பதறித் திரும்பினார். மாமியாருக்காகத் தண்ணீர் வாங்கி, அவசரத்தில் சர்வேயர் தானே குடித்துவிட்டார்.

ஒருவழியாகச் சக்கரம் தரையைத் தொட்டது. அக்காள் போனில் சொன்னாள்: "இன்னும் பொறக்கல, சீக்கிரம் வாங்க."

சர்வேயருக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு மகளுக்காக வானத்தில் ஏறிய மனுஷி! தான் ஒரு தூசு என்று தோன்றியது. மாமியாரைக் கைத்தாங்கலாக வாசல்வரை அழைத்து வந்தார்.

வாசலில் கைகூப்பி நின்ற விமானப் பணிப்பெண் மாமியாரைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"என்னம்மா, போன வாரம் தனியா வந்தப்ப ஏறினதும் தூங்கிட்டீங்க, இன்னைக்கு என்ன இவ்வளவு பயம்?"