மூன்றாவது கம்பிக்கு வந்த காய்ச்சல்

ஈக்கா, திராட்சை அறுவடைக் காலம்

என் மதிப்புக்குரிய டொமித்திலா அக்காவுக்கு, தங்கை எர்மெலிந்தா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. அரெக்கிப்பாவில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க எங்கள் ஊர் லூரென் ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுத வரவில்லை. உன் வீட்டுக்காரர், எங்கள் அத்தான், உயிரோடு இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீ உட்கார்ந்து படிக்கலாம்.

தபால் ஆபீசில் ஓய்வு பெற்றதிலிருந்து மனுஷர் தன் நெஞ்சில் சளி சத்தம் கேட்பதாகச் சொல்கிறார், ஈக்காவின் காய்ந்த காற்று பட்டால் சரியாகும் என்று நீதான் அனுப்பி வைத்தாய். நானும் வரட்டும் என்றேன். தியோபால்டோ அத்தான் வந்த நாளிலிருந்து வீட்டில் இருக்கும் இரண்டு தெர்மாமீட்டரையும் மாற்றி மாற்றி வாயில் வைத்துப் பார்த்தார். இரண்டும் காய்ச்சல் இல்லை என்றன. அவர் இரண்டையும் நம்பவில்லை. கம்பெனிக்காரன் மலிவாக்கிவிட்டான் என்றார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இல்லை அக்கா.

செவ்வாய்க்கிழமை எங்கள் திராட்சை சீனாவுக்குக் கிளம்ப வேண்டிய நாள். இந்த வருஷம் முழுவதும் நானும் என் வீட்டுக்காரர் ஃபவுஸ்தோவும் பட்ட பாடு அந்த ஒரு கன்டெய்னருக்குள்தான் இருந்தது. சீனாக்காரர்களுக்குப் பழ ஈ என்றால் குலைநடுக்கம். அதனால் பழத்தை உறைகிற அளவுக்குப் பக்கத்தில் குளிர வைத்து, அந்தக் குளிர் குறையாமல் கடலில் நாள்கணக்காகக் கொண்டுபோக வேண்டும், முட்டை எங்காவது இருந்தால் செத்துவிடும். பழத்துக்குள் குத்திய மூன்று கம்பிகள் வழியெல்லாம் சூட்டைப் பதிவு செய்துகொண்டே போகும். ஒரு கம்பி கூடுதலாகக் காட்டினாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இதைப் பார்த்துச் சரி சொல்ல வந்திருந்தது சுலேமா என்கிற இஞ்சினியரம்மா. சிரிக்கவே தெரியாத பெண். கம்பிகளை ஐஸ் தண்ணீரில் போட்டுச் சோதித்துவிட்டு, "இது ஒரு டிகிரியில பத்துல ஒரு பங்குகூடத் தப்பாது. ஆஸ்பத்திரியிலகூட இப்படி ஒண்ணு கிடையாது"ன்னு பெருமையா சொன்னாங்க. பக்கத்தில் நின்ற உன் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

பெட்டியெல்லாம் ஏற்றி, மூன்றாவது கம்பியைக் கதவோரத்துப் பழத்தில் குத்தி முடித்து, வெயில் தாங்காமல் எல்லோரும் சோளச் சிச்சா குடிக்க நிழலுக்கு ஒதுங்கினோம். லாரிக்காரர் குமெர்சிந்தோ திரும்பி வந்து கதவைச் சாத்தினார், முத்திரை வைத்தார்கள். கன்டெய்னரைக் குளிர வைக்கும் இயந்திரம் காது கிழிய உறுமுகிறது. இஞ்சினியரம்மா முன்பக்கம் போய்த் திரையைப் பார்த்தார். முதல் கம்பி பூஜ்யம். இரண்டாவது பூஜ்யம். மூன்றாவது முப்பத்தாறரை டிகிரி.

"என்னங்க இது, திராட்சைக்குக் காய்ச்சலா?"ன்னார் குமெர்சிந்தோ.

"கம்பியில ஏதோ கோளாறு"ன்னு அந்தம்மா முகம் சுருங்கிப் போச்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது முப்பத்தாறு ஆனது. அப்புறம் முப்பத்தைந்தரை. எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, அதுவா குணமாயிட்டு வருது!" என்று கைதட்டிச் சிரித்தேன். அக்கா, உன் வீட்டுக்காரர் உள்ளே விறைத்துக்கொண்டிருக்கிறார், நான் வெளியே நின்று கைதட்டுகிறேன். இதை நினைத்தால் இப்போதும் சோறு இறங்குவதில்லை.

இஞ்சினியரம்மா மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அம்மா, குளுந்த பழத்தத்தான் உள்ள வெச்சோம். பழத்துக்கு இந்தச் சூடு வராது. இது மனுஷங்க சூடு. உங்க வீட்டுல யாரு காணோம்?"

முத்திரையை யார் அறுத்தார்கள், கதவை யார் திறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நானே பல்லால் கடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. கதவுக்கும் கடைசி அடுக்குக்கும் நடுவில், ஒரு முழ இடத்தில் உன் புருஷன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார், தலையில் அட்டைப்பெட்டி, உதடு நீலம், சட்டைக்குள்ளே கை, அக்குளில் கம்பி. அவர் கதவைத் தட்டியது இயந்திர உறுமலில் எங்களுக்குக் கேட்கவில்லை. வேர்த்து வழிய உள்ளே பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் தோளுக்கு மேலே எட்டி இஞ்சினியரம்மாவைத்தான் பார்த்தார்.

"எ... எவ்ளோ காட்டுச்சு?"

"முப்பத்தஞ்சு."

"அப்ப காய்ச்சல் இல்லையா?"

"இல்ல."

முகம் தொங்கிப்போச்சு அக்கா. உடனே "கம்பி தப்பா இருக்கும்"ன்னார் பாரு! இஞ்சினியரம்மாவுக்கு அப்போதுதான் வந்தது கோபம். "என் கம்பியா தப்பு? உங்க கண்ணு முன்னாடி ஐஸுல வெச்சுப் பாத்த கம்பி! உள்ள மாட்டிக்கிட்டது நீங்க, குத்தம் கம்பிக்கா?" கம்பி குத்தியிருந்த பழம் எங்கே என்று கேட்டால், பசிச்சுது, தின்னுட்டேன் என்கிறார்.

கதவு திறந்து கிடந்ததில் வெயில் உள்ளே புகுந்து பழமெல்லாம் சூடேறிவிட்டது. மறுபடி குளிர வைக்கணும், கம்பியை மறுபடி ஐஸில் போடணும், அது வரைக்கும் முத்திரை கிடையாது என்று அந்தம்மா பிடித்த பிடியில் நின்றார். ஃபவுஸ்தோ தலையில் கைவைத்து உட்கார்ந்தார். நல்லவேளையாகக் கடல் கொந்தளித்துத் துறைமுகத்தை மூடியிருந்தார்கள், கப்பல் கிளம்பவில்லை. மறுநாள் போன லாரி கப்பலைப் பிடித்துவிட்டது. பிழைத்தோம்.

ஆனால் என் நெஞ்சு தாங்காது அக்கா. உன்னை விதவையாக்கி, உன் புருஷனைத் திராட்சையோடு சீனாவுக்கு அனுப்பியிருப்பேனே! அத்தானுக்குப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டேன். சனிக்கிழமை காலையில் அரெக்கிப்பா நிலையத்தில் இறங்குவார், நீயே வந்து கூட்டிக்கொண்டு போ. கதவு உள்ள எந்த இடத்துக்கும் தனியாக விடாதே. இந்த ஜன்மத்தில் திரும்ப அனுப்பாதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் வீடும் உன் கைபட்டதும் நிறைந்திருக்கட்டும்.

உன் அன்புத் தங்கை
எர்மெலிந்தா

பி.கு.: நிலையத்துக்குப் போகாதே. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. வேர்வையோடு அந்தக் குளிரில் பாய்ந்தேன் இல்லையா, நேற்றிலிருந்து எனக்கு முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல், நெஞ்சு கட்டிக்கொண்டது. ஒட்டிக்கொள்ளும் என்று ஃபவுஸ்தோ தலையணையோடு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அத்தான்தான் கோழிச் சாறு காய்ச்சி ஊட்டுகிறார், தைலம் தேய்க்கிறார், எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, இழுக்கிறதா குத்துகிறதா என்று விடாமல் கேட்கிறார். கல்யாணமானதிலிருந்து என் உடம்பைப் பற்றி யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை அக்கா. அறுவடை முடியும் வரை இங்கேயே இருக்கட்டும். அவருடைய கம்பளி மப்ளர் என் கழுத்தில் இருக்கிறது, அவருக்கு வேறொன்று அனுப்பி வை.